கறைக்கு ஒரு காரணம் வேண்டும்

அவிநாசியில் எங்கள் மாலை வகுப்பு நடக்கும் அறையில், புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஒரு போர் விமானம் நிற்கிறது. மிக்-21. பிளாஸ்டிக்கில் செய்தது. மூக்கிலிருந்து வால் வரை ஏறக்குறைய ஒன்றரை அடி. வந்து பார்க்கும் தோழர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். தலித் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் போர் விமானம் எதற்கு என்பது முதல் கேள்வி. இதை ஏன் துடைக்காமல் இப்படி அழுக்காக வைத்திருக்கிறீர்கள் என்பது இரண்டாவது. முதல் கேள்வியைப் பற்றி எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை தீரவில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்த விமானம் அது. 62 ஆண்டுகள் பறந்திருக்கிறது. மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தைப் பிள்ளைகள் வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். அவர்களுக்கு விமானம் தூரத்துச் சங்கதி இல்லை. சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்தில்தான் இருக்கிறது. தேஜஸ் விமானங்களின் இரண்டு படைப்பிரிவுகள் அங்கே இருந்திருக்கின்றன. அதில் ஒன்றான 45-ஆவது படைப்பிரிவு முன்பு மிக்-21 ஓட்டிய பிரிவு. வானத்தில் சத்தம் கேட்டால் வகுப்பு பாதியில் நிற்கும். எல்லோரும் வாசலுக்கு ஓடுவார்கள்.

இதைப் பார்த்த எங்கள் நண்பர் ஒருவர், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும்போது, தான் பிரிக்காமலே வைத்திருந்த ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். 1/32 அளவில் ஒரு மிக்-21 கிட். அதாவது, உண்மையான விமானத்தின் 32 அங்குலம் இதில் ஒரு அங்குலம். இந்தப் பொழுதுபோக்கில் 1/72, 1/48 என்ற சின்ன அளவுகள்தான் அதிகம். 1/32, 1/24 எல்லாம் பெரியவை, விலையும் பெரியது. கடைசியாக ஓய்வு பெற்றது பைசன் வகை. எங்கள் பெட்டியில் இருந்ததோ அதற்கு மூத்த எம்எஃப் வகை. வித்தியாசம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பெட்டியின் விலையைக் கேட்டதும் ஒரு பையன், "ஏனுங்க்கா, இது எங்கம்மாவுக்கு ஒரு வாரச் சம்பளத்த விட சாஸ்தி"ன்னு சொன்னான். அதை விற்றுவிட்டு நோட்டுப் புத்தகம் வாங்கலாமா என்று நாங்கள் உண்மையிலேயே யோசித்தோம். பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தோம். எங்கள் பிள்ளைகளுக்கு வருகிற எல்லா உதவியும் நோட்டு, பேனா, பை, சீருடை என்றே வருகிறது. அவசியமானதை மட்டுமே அவர்களுக்குக் கொடுக்கலாம் என்பதும் ஒரு எண்ணம்தான். அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். எந்தப் பயனும் இல்லாத ஒரு காரியத்தில் நான்கு மாதம் மூழ்கிக் கிடக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

வேலை தொடங்கியதும் ஒன்று தெரிந்தது. நாங்கள் கற்றுக்கொடுக்க அதிகம் இல்லை. பிள்ளைகளின் வீடுகளில் இருப்பது திருப்பூரின் கைகள். ஒருத்தியின் அப்பா சாயப்பட்டறையில் இருக்கிறார். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டபோது மாதக்கணக்கில் வேலை இல்லாமல் இருந்தவர். பத்திரிகைப் படத்தில் இருக்கும் சாம்பல் நிறத்தைக் காட்டியதும், "இது வெறும் கறுப்பும் வெள்ளையும் இல்ல கண்ணு, நீலம் ஒரு சொட்டு இருக்குது. காஞ்சா ஒரு ஷேடு ஏறும், அதயும் கணக்குல வெச்சுக்கோணும்" என்றார். மூன்று முறை கலக்கி, மூன்று முறை காயவைத்துப் பார்த்ததில் அவர் சொன்னது சரியாக இருந்தது. இன்னொருவனின் அண்ணன் இருசக்கர வாகனங்களுக்கு பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் இருக்கிறான். சின்ன ஸ்பிரே கன் அவன் கொண்டுவந்தது. பட்டறைப் பழக்கத்தில் அவன் முதலில் தின்னர் கலந்த பெயிண்டை ஒரு உதிரித் துண்டில் அடித்துப் பார்த்தான். பிளாஸ்டிக் அப்படியே உருகிச் சுருங்கிவிட்டது. நல்லவேளை, உதிரித் துண்டு. அதன்பிறகு தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும்தான்.

பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய் போனால்தான் பெயிண்ட் பிடிக்கும். ஒட்டிய இடங்களில் மக்கு வைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து 400, 800, 1000 என்று வரிசையாகத் தேய்க்க வேண்டும். இணைப்பு விரல் நுனிக்குத் தட்டுப்படாத வரை தேய்க்க வேண்டும். ஒரு மாதம் இதற்கே போனது. சாம்பல் நிறம் ஏறி முடிந்தபோது விமானம் பளபளவென்று இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நாங்கள் அப்போதுதான் அடுத்த கட்டத்தைச் சொன்னோம்: இனிமேல் இதை அழுக்காக்க வேண்டும்.

இந்தக் கலையில் பாதி வேலை அதுதான். வெயிலில் வெளுத்த நிறம், கால் பட்டுத் தேய்ந்த இடம், எண்ணெய் ஒழுகிய கோடு, புகை படிந்த வால்பகுதி எல்லாவற்றையும் பெயிண்டால் வரவழைப்பது. அது இல்லாவிட்டால் விமானம் பொம்மையாகத் தெரியும். இருந்தால் பறந்துவிட்டு வந்து நிற்பதுபோல் தெரியும். இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு தங்கை தூரிகையைக் கீழே வைத்தாள்.

"நான் பண்ண மாட்டனுங்க்கா."

ஏன் என்று கேட்டோம்.

"எங்கம்மா பனியன் கம்பெனில செக்கிங். நாள் பூராவும் கறை எடுக்கறதுதான் வேலை. பள்ளிக்கூடத்துல எங்க பெஞ்சு மேல உக்காந்தா அழுக்காயிருங்கறாங்க. நாம கஷ்டப்பட்டு ஒண்ணு பண்ணி, அதயும் நாமளே அழுக்காக்கோணுமா? நாம பண்ணுனா அழுக்காத்தான் இருக்குமுன்னு சொல்றதுக்கா?"

எங்களிடம் பதில் இல்லை. சமாளிப்பாக ஏதோ சொல்லப் போய் நிறுத்திக்கொண்டோம். விமானத்தை ஒரு பழைய துண்டால் மூடி அலமாரியில் வைத்தோம். இரண்டு வாரம் யாரும் அதைத் தொடவில்லை.

அந்த இரண்டு வாரமும் நாங்கள் எங்களுக்குள் பேசினோம். சமூகவியல் வகுப்பில் எங்களுக்கு மேரி டக்ளஸ் பாடம் உண்டு. 1966-இல் அவர் எழுதிய புத்தகம், தூய்மையையும் ஆபத்தையும் பற்றியது. அழுக்கு என்று தனியாக ஒரு பொருள் இல்லை. தனக்குரிய இடத்தை விட்டு வேறு இடத்தில் இருக்கும் எதையும் அழுக்கு என்கிறோம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். வயலில் இருந்தால் மண், வீட்டுக்குள் வந்தால் அழுக்கு. படிக்கும்போது தெளிவாக இருந்தது. நம் ஊரில் நின்று பார்த்தால் போதவில்லை. இங்கே மனிதர்களையே இடம் குறித்து வைத்திருக்கிறார்கள். குறித்த இடத்தை விட்டு ஒரு அடி எடுத்து வைத்தால் அந்த மனிதரே அழுக்காகிவிடுகிறார்.

2018-இல் நம் அவிநாசி வட்டத்திலேயே நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சேவூர் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க அருந்ததியர் சமூகத்துப் பெண் ஒருவர் வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவரை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் நடந்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஏழு ஆண்டு கழித்து, நாங்கள் விமானத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்த அதே 2025 நவம்பரில், திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தண்டனை விதித்தது. அந்த அம்மா கழுவிய பாத்திரத்தில் கறை இல்லை. சமைத்த சோற்றில் கறை இல்லை. கறை இல்லாத இடத்தில் கறை இருப்பதாக ஒரு ஊரே சத்தியம் செய்தது. அந்தத் தங்கை கேட்ட கேள்விக்குப் பின்னால் இத்தனையும் இருந்தது. ஒரு பொழுதுபோக்கின் விதிமுறையைச் சொல்லி அதைக் கடந்துவிட முடியாது.

பதில் நாங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. எங்கள் காலனியில் ஒரு தாத்தா இருக்கிறார். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருபது ஆண்டுகள் வேலை பார்த்து, சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்றவர். அதில் பல ஆண்டுகள் மிக்-21-இல். பேரனை அழைத்துப் போக வந்தவர், துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூக்கைப் பார்த்துவிட்டார்.

"இதென்றா இங்க?" என்றபடி துண்டை விலக்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் பண்ணியிருக்கறீங்க. ஆனா இதுல ஒருத்தனும் வேலை செய்யலையே" என்றார்.

புரியவில்லை. தரையில் உட்கார்ந்து, விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் காட்டிக்கொண்டே போனார். விமானி ஏறும் ஏணியை இடதுபக்கம்தான் மாட்டுவார்கள். கண்ணாடிக் கூண்டு வலதுபக்கமாகத் திறக்கும். அதனால் இடதுபக்க விளிம்பில் பெயிண்ட் தேயும், வலதுபக்கம் தேயாது. அடிவயிற்றில் ஹைட்ராலிக் எண்ணெய் கசியும். நிற்கும்போது நேர்கீழாகச் சொட்டும், பறக்கும்போது காற்றில் பின்பக்கமாகக் கோடு இழுக்கும். இரண்டும் வேறு வேறு கறை. அடிக்கடி திறந்து மூடும் தகடுகளின் திருகுகளைச் சுற்றி உலோகம் வெள்ளையாகத் தெரியும். ஆண்டுக்கொருமுறை திறக்கும் தகட்டில் தெரியாது. வாலுக்கு அடியில், புகைபோக்கிக்கு மேலே ஒரு சின்னக் கூடு இருக்கிறது. தரையிறங்கியதும் வேகத்தைக் குறைக்க அதிலிருந்துதான் பாராசூட் விரியும். ஒவ்வொரு முறையும் அதை மடித்துத் திரும்ப உள்ளே வைப்பது தரைப்பணியாளர் வேலை. "அந்த இடத்துல கரி படியும். அதுக்கு மேல எங்க கை படும். மடிக்கறது ஒழுங்கா இல்லீன்னா விரியாது. எங்க வீட்டுல பேக்கிங்ல மடிக்கறாளே, அதே மாதிரிதான்."

தூரிகையைக் கீழே வைத்த தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்ப ஒவ்வொரு கறைக்கும் ஆளு இருக்குதுங்களா தாத்தா?"

"ஆளு இல்லாம கறை எப்படி அம்மணி வரும்? பறந்தவன் பேரு பேப்பர்ல வரும். மத்தவனெல்லாம் இப்படித்தான் பதிஞ்சிருப்பான்."

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். விமானம் கிளம்பும் முன் அதைச் சோதித்த தொழில்நுட்பப் பணியாளர்கள் எஃப்-700 என்ற பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அதைப் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே விமானி ஏறுவார். "ரெண்டு நாளைக்கு முன்னால நான் கையெழுத்துப் போட்ட விமானம் ஆகாசத்துல போயிருக்கும். லீவுல ஊருக்கு வந்து டீக்கடைல நின்னா, எனக்குத் தனிக் கிளாசு. அதயும் நானே கழுவி வெக்கோணும்." அவர் சொல்லி முடித்த பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை. தங்கைதான் கேட்டாள்: "அந்தக் கண்ணாடிய யாருங்க தொடைப்பாங்க?"

"நாங்கதான். ஒவ்வொரு தடவையும். ஒரு புள்ளி இருந்தாக்கூட எதிர்ல வர்ற விமானம்னு பைலட் நெனச்சுக்குவாரு. மெத்துன துணி வேணும், ஒரே பக்கமாத் தொடைக்கோணும், கீறல் விழக் கூடாது."

"அப்ப சுத்தமா இருக்கறதும் யாரோ பண்ணுனதுதான்" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்வதுபோல.

வேலை மறுபடி தொடங்கியது. இந்த முறை ஒரு விதி இருந்தது, அதை வகுத்தது பிள்ளைகள்: காரணம் சொல்ல முடியாத கறையை வைக்கக் கூடாது. ஒருவன் கைபோன போக்கில் இறக்கை முழுக்கப் புகை அடித்தபோது மற்றவர்கள் நிறுத்தி, "இது எப்படி வந்துச்சு? யாரு?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. துடைத்துவிட்டான்.

அளவும் முக்கியம் என்று அப்போதுதான் கற்றோம். 1/32-இல் ஒரு மில்லிமீட்டர் கீறல் என்பது உண்மையான விமானத்தில் மூன்று சென்டிமீட்டருக்கும் மேல். சின்ன விமானத்தில் கண்ணுக்கு இதமாக இருக்கும் கீறல், பெரிய விமானத்தில் பொய்யாகிவிடும். பெரியதாகச் செய்யும்போதுதான் சிறியதாகக் கீற வேண்டும். பஞ்சுத் துண்டின் முனையில் வெள்ளிநிறத்தைத் தொட்டு, பெரும்பகுதியைத் தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சமிருப்பதை விளிம்பில் தொட்டும் தொடாமலும் வைத்தோம்.

செய்முறை கேட்கும் தம்பி தங்கைகளுக்காக வரிசையைச் சொல்லிவிடுகிறோம். அடிநிறம் அக்ரிலிக்கில் நன்றாகக் காய வேண்டும். அதன்மேல் பளபளப்பு வார்னிஷ். பிறகு படைப்பிரிவுக் குறியீடுகளை ஒட்டி, மேலே இன்னொரு பூச்சு வார்னிஷ். அடுத்து, கரும்பழுப்பு ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் தண்ணீர்போலக் கரைத்து, தகடுகளுக்கு நடுவே உள்ள கோடுகளில் தூரிகை முனையால் தொட்டால் போதும். அது தானாகவே கோடு நெடுக ஓடும். பளபளப்பான பரப்பில்தான் அப்படி ஓடும். சொரசொரப்பான பரப்பில் வைத்தால் வைத்த இடத்திலேயே ஊறிக் கறையாகும். அரைமணி நேரம் கழித்து, மிச்சத்தைக் காற்று போகும் திசையில், முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் பளபளப்பில்லாத வார்னிஷ். புகைக்கு, வரைபடக் கடையில் கிடைக்கும் கறுப்பு, பழுப்புப் பாஸ்டல் சாக்கை உப்புத்தாளில் தேய்த்து வரும் பொடி போதும். புகைபோக்கியைச் சுற்றி பெயிண்ட் வேண்டாம்; அங்கே வெறும் உலோகம், சூட்டில் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கும். டர்பன்டைன் தொடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். தீப்பெட்டிப் பக்கம் போகாதீர்கள்.

அந்தத் தங்கை கடைசி வரை கறை வைக்கவில்லை. கண்ணாடிக் கூண்டை எடுத்துக்கொண்டாள். சட்டங்களுக்கு மட்டும் பெயிண்ட் பூசி, நடுவில் ஒரு விரல்ரேகை கூட இல்லாமல் முடிக்க அவளுக்கு ஒன்பது நாள் ஆனது. மொத்த விமானத்திலும் அதிக நாள் எடுத்த ஒரே பாகம் அதுதான்.

பிப்ரவரியில் ஒரு அறிவியல் கண்காட்சிக்கு எடுத்துப் போனோம். விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைத்தோம். இன்னின்ன கறை, இன்னின்ன வேலையால் வந்தது, அந்த வேலையைச் செய்பவர் இன்னார் என்று எண் போட்டுப் பதினான்கு வரிகள். பதினான்காவது வரி: "கண்ணாடி: கறை இல்லை. துடைப்பவர், தரைப்பணியாளர்." நடுவராக வந்தவர் அட்டையைப் படிக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கும்மா. கொண்டு வர்றதுக்கு முன்னாடி ஒருதடவ துடைச்சிருக்கலாம்" என்றார். நாங்கள் வாயைத் திறக்கும் முன் தங்கை சொன்னாள்: "தொடைச்சதுதானுங்க சார். எங்க தொடைக்கோணும், எங்க தொடைக்கக் கூடாதுன்னு பாத்துத் தொடைச்சது. அட்டைல இருக்குதுங்க, படிச்சுப் பாருங்க." அவர் படித்தார். முழுவதும் படித்தார் என்றுதான் நினைக்கிறோம். பிறகு, "யார் செஞ்சு குடுத்தாங்க?" என்று கேட்டார். பரிசு கிடைக்கவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் பிள்ளைகள் அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆனால் இதை எழுதக் காரணம் அந்த நடுவர் இல்லை. களத்துக்குப் போகும் தோழர்கள் எல்லோரும் கறைகளைத்தான் முதலில் பார்க்கிறோம்: சாயம் ஏறிய நகம், சாக்கடைக்குள் இறங்கியவரின் சட்டை, தனிக் கிளாஸ். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. இன்னும் குழிக்குள் மனிதர்கள் இறங்குகிறார்கள். அறிக்கை எழுதும்போது அவர்களை அழுக்கில் வாழ்பவர்கள் என்று எழுதிவிடுவது சுலபம். நாங்களும் எழுதியிருக்கிறோம். இப்போது எழுதும் முன் பிள்ளைகளின் விதியைப் போட்டுப் பார்க்கிறோம். இந்தக் கறை எந்த வேலையால் வந்தது? அந்த வேலையை யார் கொடுத்தார்கள்? யாருடைய சுத்தத்துக்காக இது இங்கே வந்து படிந்தது? பதில் கிடைக்காத கறை என்றால், அது யாரோ பூசியது. அப்படியானால் பூசிய கையைத் தேட வேண்டும்.

ஒன்றரை அடி விமானத்தில் தூசியும் ஒன்றரை அடிக்குப் படிகிறது. அது நாங்கள் வைத்த கறை இல்லை என்பதால் துடைத்தே ஆக வேண்டும். மெல்லிய தூரிகையால், முன்னிருந்து பின்னாக. அதற்கு ஒரு முறைப்பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பையன்கள், பெண்கள், வகுப்பு நடத்தும் நாங்கள் நான்கு பேர், எல்லோருடைய பெயரும் அதில் இருக்கிறது. தாத்தாவும் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். இந்த வாரம் அவர் முறை.